பைதிதி ரூட்டின் சொந்தக்காரர்

மேட்டு நிலத்து ஊரான எல் ஆல்ட்டோவில் ஒருவன் விண்வண்டி வாங்குவது சுலபம். அதை நட்சத்திரங்களுக்கு நடுவே ஓட்டுவதும் அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. பிரேக் பிடித்தால் போதும். ஆனால் சங்கத்தில் நல்ல ரூட் வாங்குவது இருக்கிறதே, அதற்கு இன்னொரு பிறவி எடுக்க வேண்டும். அதுவும் செயலாளர் வீட்டு மருமகனாகப் பிறக்க வேண்டும்.

சங்கத்தின் முழுப்பெயர் 'பிப்ரவரி முப்பது தொலைந்த உலகங்கள் தேடும் விண்வண்டி ஓட்டுநர் சங்கம்'. பிப்ரவரியில் முப்பதாம் தேதி கிடையாது என்பது சங்கத்துக்கும் தெரியும். நிறுவியவர்கள் கார்னிவல் மயக்கத்தில் எழுதிவிட்ட தேதி அது. பெயரைத் திருத்த ஆண்டுவிழா நாளில் கூடும் பொதுக்குழுவுக்குத்தான் அதிகாரம் உண்டு. ஆண்டுவிழா நாள் பிப்ரவரி முப்பது. ஆகவே பெயர் அப்படியே நிற்கிறது. ஆண்டுவிழா ஆட்டம் மட்டும் இருபத்தெட்டில் ஆரம்பித்து, முப்பது வந்துவிட்டது என்று எல்லோருக்கும் தோன்றுகிற வரைக்கும் நடக்கும்.

கொள்ளுத்தாத்தாக்கள் காலத்தில் கப்பல் கப்பலாகக் கிளம்பிப் போய், பிறகு ஒரு தகவலும் இல்லாமல் மறைந்துபோன குடியேற்றங்களைத் தேடுவதுதான் சங்கத்தின் வேலை. அந்த உலகங்களுக்குப் பழங்கதைகளில் இருந்த பெயர்களையே வைத்திருந்தார்கள். முதல் ரூட் எல் தொராதோ, பொதுச்செயலாளர் தோன் மெலித்தோனுக்கு. இரண்டாவது சீசர்களின் நகரம், அவருடைய தம்பிக்கு. மூன்றாவது பைதிதி, தோன் எலியோதோரோ வில்காவுக்கு. இப்படியே போய்க் கடைசியில் ஒன்பதாவது ரூட் ஒன்று இருந்தது. அதன் பெயர் 'இதர'. அது கசியானோ சுக்கிமியாவுக்குக் கிடைத்தது. அவன் பெயருக்கு முன்னால் மரியாதைக்குப் போடும் 'தோன்'கூடக் கிடையாது.

கசியானோ நல்லவன்தான். பொறாமை ஒன்றைத் தவிர அவனிடம் கெட்ட பழக்கம் கிடையாது. அந்தப் பொறாமையையும் ஊரெல்லாம் இறைக்காமல், எலியோதோரோ ஒருவர் மேல் மட்டும் சிக்கனமாக வைத்திருந்தான்.

எலியோதோரோவின் விண்வண்டி ஸ்டாண்டை விட்டு நகர்ந்ததை யாரும் பார்த்ததில்லை. முன்பு செயலாளராக இருந்த மாமனார் கொடுத்த வண்டி, மாமனார் கொடுத்த ரூட். சனிக்கிழமைதோறும் இஞ்சினை உறுமவிட்டு, கண்ணாடியைத் துடைத்து, பூசை போடுவதுபோல் முன்பக்கம் பீர் தெளித்து, காகிதப்பூத் தூவி, மறுபடி அணைத்துவிடுவார். சங்க விதிப்படி இதற்குப் பெயர் 'தேடும் நிலையில் இருத்தல்'. இருபது வருஷமாகத் தேடும் நிலையில் இருந்ததற்காக அவருக்குத் தோளில் ஒரு வெள்ளிப்பட்டை உண்டு. ஆண்டுவிழாவில் எல்லோரும் வரிசையாக மொரெனாதா நடனம் ஆடும்போது முதல் வரிசையின் நடுவில் அந்தப் பட்டை மினுங்கும். கசியானோ கடைசி வரிசையில், பீர் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஆடுவான். அங்கிருந்து பார்த்தால் முதல் வரிசை தெரியாது. பட்டை மட்டும் தெரியும்.

இதில் இன்னொரு கொடுமை, எலியோதோரோதான் கசியானோ மகனுக்கு ஞானத்தகப்பன். அந்த வகையில் இருவரும் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே முறை. பார்க்கிற இடத்திலெல்லாம் கட்டித் தழுவியாக வேண்டும். தழுவும்போது அந்த வெள்ளி, கசியானோவின் தாடையில் சில்லென்று படும்.

இப்படிப்பட்ட கசியானோதான் பைதிதியைக் கண்டுபிடித்தான்.

பெரிய சாகசம் ஒன்றுமில்லை. சங்கத்தின் சோதனைச்சாவடி ஒன்றைத் தவிர்ப்பதற்காக வழக்கமாகத் திரும்பாத ஒரு பக்கம் திரும்பினான். சங்கத்துக்குப் பயந்தவன் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போவான். எரிகற்களும் இருட்டும் தாண்டி, பச்சையாக ஓர் உலகம். இறங்கினால் சதுக்கம், கோயில், பந்து விளையாடும் திடல், நம்ம ஊர் மாதிரியே காலையில் ஊதா நிறத்தில் சூடான மக்காச்சோளக் கஞ்சி. ஊரே கூடி அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. திரும்பும்போது அவர்கள் சார்பில் சிசா என்ற பெண்ணையும் கூட அனுப்பினார்கள்.

ஸ்டாண்டில் வந்து இறங்கியதும் வண்டிகளின் நேரம் குறிக்கும் கூண்டில் உட்கார்ந்திருந்த தோனியா குமெர்சிந்தா கையை நீட்டினாள்.

"கார்டு?"

"பைதிதியக் கண்டுபிடிச்சிட்டேன், தோனியா."

"அதக் கேக்கல. கார்டு."

கொடுத்தான். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"போன இடம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போட?"

"பைதிதின்னு போடுங்க."

"பைதிதி மூணாம் ரூட்டு. நீங்க ஒம்பது. 'இதர'ன்னு போட்டா ஒரு பிரச்சினையும் இல்ல. பைதிதின்னு போட்டா ரூட் மீறல். தண்டனையா, சங்கம் நடத்தற ஆறு முற்றுகைப் போராட்டத்துல வெயில்ல நிக்கணும். எது வேணும், யோசிச்சுச் சொல்லுங்க."

"நான் நெஜமாவே அங்கதான் போனேன்."

"எங்க வேணாப் போங்க. நான் கேக்கறது என்ன போடணும்னு."

விஷயம் செயற்குழுவுக்குப் போனது. நீண்ட மேசை, நடுவில் மெல்லுவதற்குக் கோக்கா இலைக் குவியல், பின்னால் சங்கக் கொடி. தோன் மெலித்தோன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, எதிரே நின்ற சிசாவை அன்போடு பார்த்தார்.

"உக்காருங்கம்மா. பயப்படாதீங்க. உங்க உலகம் எப்போ தொலைஞ்சுது?"

"தொலையலீங்களே," என்றாள் சிசா. "அங்கயேதான் இருக்கு."

"நீங்க அப்படி நெனைக்கிறீங்க. ஆனா நாங்க உங்களத் தேடிக்கிட்டிருக்கோமே."

"யாரும் வந்ததில்லையே."

"அதுவும் தேடல்ல ஒரு கட்டம்தான்."

சிசா கொஞ்சம் யோசித்தாள். "எங்க ஊர்ல நீங்கதான் தொலைஞ்சு போயிட்டீங்கன்னு சொல்லுவோம். அந்த மேட்டு நெலத்து சனங்க என்ன ஆனாங்களோன்னு பெரியவங்க வருத்தப்படுவாங்க."

மேசையில் பெரிய சலசலப்பு எழுந்தது. எல் ஆல்ட்டோ தொலைந்துபோன ஊர் அல்ல என்று உடனே ஒரு தீர்மானம் கொண்டுவரப்பட்டது. நீண்ட விவாதத்துக்குப் பிறகு அது நிறைவேறியது. இரண்டு பேர் மட்டும் நடுநிலை வகித்தார்கள்.

சிசா வந்த காரணம் வேறு. பைதிதியில் உருளைக்கிழங்கு வருஷத்துக்கு வருஷம் சிறுத்துக்கொண்டே வந்தது. நோய் தட்டிய விதையையே திரும்பத் திரும்ப நட்டு, இப்போது கிழங்கு கோலிக்குண்டு அளவுக்கு வந்துவிட்டது. மேட்டு நிலத்துப் புது விதைக்கிழங்கு கொண்டுபோய், மழை இறங்குவதற்குள் நட்டாக வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருஷம் அடுப்பில் வைக்க ஒன்றும் இருக்காது. இதை அவள் மேசையில் இருந்த ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொன்னாள்.

"நியாயமான கோரிக்கை," என்றார் மெலித்தோன். "விதைக்கிழங்கு போகணும்னா ரூட் தொறக்கணும். ரூட் தொறக்கணும்னா உலகம் கெடைச்சதா அறிவிக்கணும். அறிவிக்கணும்னா கண்டுபிடிச்சவர் யாருன்னு தெரியணும்."

"நான்தான்," என்றான் கசியானோ.

மெலித்தோன் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றால் பேச்சு நீளும் என்று எல்லோரும் கோக்கா இலையை வாயில் ஒதுக்கிக்கொண்டார்கள்.

"தோழர்களே, கண்டுபிடிக்கிறத யாரு வேணாப் பண்ணலாம். அது ஒரு விபத்து. தேடறதுதான் ஒழைப்பு. நான் முப்பது வருஷமா எல் தொராதோவத் தேடறேன். எனக்கு அது கெடைச்சிருச்சா? கெடைக்கல. ஏன்? ஒழுக்கம். ஒருத்தர் இருபது வருஷமாப் பொறுமையாத் தேடினத இன்னொருத்தர் ஒரு மத்தியானத்துல போய்க் கண்டுபிடிச்சா, அந்த இருபது வருஷத்துக்கு என்ன மரியாதை? நாளைக்கு யாராவது எல் தொராதோவையும் கண்டுபிடிச்சிட்டா நான் எந்த மொகத்தோட வீட்டுக்குப் போவேன்? என் பேரனுக்கு அந்த ரூட்ட எழுதி வச்சிருக்கேன்."

கைதட்டல். பிறகு விதி வாசிக்கப்பட்டது. ஒரு ரூட்டில் கிடைக்கும் எதுவும் அந்த ரூட்டின் சொந்தக்காரருக்கே சேரும். எனவே பைதிதியைக் கண்டுபிடித்தவர் தோன் எலியோதோரோ வில்கா.

எலியோதோரோ தலையைக் குனிந்து அடக்கமாக ஏற்றுக்கொண்டார். "என் கடமையத்தான் செஞ்சேன்," என்றார்.

கசியானோவையும் சும்மா விடவில்லை. புது வீடு, புது வண்டி, கல்யாணக் கேக், எதற்கும் ஒரு ஞானத்தகப்பன் வேண்டும் என்பது ஊர் வழக்கம். புது உலகத்துக்கும் வேண்டுமே. கொடிக்கு ஒருவர், இசைக்குழுவுக்கு ஒருவர், வாணவேடிக்கைக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டே வந்து, கசியானோவைப் பீர் ஞானத்தகப்பனாக நியமித்தார்கள். அதாவது, ஊருக்கே பீர் அவன் செலவு.

"ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி," என்றார் மெலித்தோன். "நேர்ல பாத்தவர் பொதுக்குழுவுல கொடியத் தொட்டு சத்தியம் பண்ணணும், பைதிதி இருக்குன்னு. பாத்தவர் நீங்கதான். அந்தப் பெருமைய ஒங்ககிட்டருந்து யாரும் எடுத்துக்க முடியாது."

வீட்டில் அவன் மனைவி பசிலியா இதைக் கேட்டுவிட்டுச் சமையல் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்போ அவரு கண்டுபிடிச்சவரு. நீங்க சாட்சி."

"ஆமா."

"அவர் பொண்டாட்டி காலைல சந்தைல என்னைப் பாத்து என்ன கேட்டா தெரியுமா? 'எங்க பைதிதி எப்படியிருக்கு, உங்க வீட்டுக்காரர் ஏதாச்சும் சொன்னாரா?'ன்னு. எங்க பைதிதியாம். புதுச் சால்வை வேற. வெல ஒசந்த விக்குன்யா மயிர்ல நெஞ்சது. நான் அப்படியே அந்த வெங்காயக் கூடையத் தூக்கி..."

"போட்டியா?"

"போடல. புள்ளைக்கு ஞானத்தாயி, கொமாத்ரே ஆச்சே. கட்டிப்பிடிச்சிட்டு வந்தேன்."

சிசா முற்றத்தில் உட்கார்ந்து, வாங்கிவைத்த விதைக்கிழங்கைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கிழங்கையும் கண் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து மூட்டையில் இட்டாள். கசியானோ அவள் பக்கத்தில் போய்க் குந்தினான்.

"நீங்க வந்தது எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும்," என்றாள் சிசா. "உங்க பேரச் சொல்லித்தான் பேசுவாங்க. அது போதாதா?"

"அங்க தெரிஞ்சு என்ன பிரயோஜனம்," என்றான் கசியானோ. "எலியோதோரோவுக்குத் தெரியணுமே."

"அவருக்குத்தான் தெரியுமே."

"தெரிஞ்சா மட்டும் போதாது. அவருக்கு எரியணும்."

சிசாவுக்கு இது புரியவில்லை. பைதிதியில் சங்கம் கிடையாது.

பொதுக்குழு அன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. கசியானோ ஒரு முடிவோடுதான் வந்திருந்தான். சத்தியம் செய்துவிடுவது, பீருக்கும் காசு கொடுத்துவிடுவது, கிழங்கு போய்ச் சேரட்டும். சனங்கள் பசியோடு இருக்கிறார்கள், அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தான். மேடை ஏறும் வரை அந்த முடிவு கெட்டியாகவே இருந்தது.

மேடையில் எலியோதோரோ நின்றுகொண்டிருந்தார். புதுக் கோட்டு. வெள்ளிப்பட்டையில் தங்க நூலால் புதிதாகத் தைத்திருந்தார்கள்: 'பைதிதியைக் கண்டவர்'. தையல் வேலைக்கு எப்படியும் ஒரு வாரமாவது ஆகியிருக்கும். செயற்குழு முடிவு வந்து மூன்று நாள்தான் ஆகிறது. அதற்கு முன்பே கொடுத்திருக்கிறார்.

"வாங்க கொம்பாத்ரே," என்று கையை விரித்தார் எலியோதோரோ. தழுவினார்கள். தங்க நூல் கசியானோவின் கன்னத்தில் உரசியது.

மெலித்தோன் கொடியின் நுனியை அவன் கையில் கொடுத்தார். "தோழர் சுக்கிமியா, மூணாம் ரூட்டுல என்ன பாத்தீங்க?"

கசியானோ வாயைத் திறந்தான். கண்ணுக்கு நேரே அந்தத் தங்க எழுத்து மினுங்கியது.

"ஒண்ணும் பாக்கல," என்றான்.

"வழி தவறிட்டேன். எங்கயோ சுத்திட்டுத் திரும்பிட்டேன். பைதிதின்னு அங்க ஒண்ணும் கெடையாது. சத்தியமா."

"அப்போ இந்த அம்மா?"

"இங்கயே, ஒருரோ ஊருக்குப் போற ரோட்டுல நின்னாங்க. ஏத்திக்கிட்டு வந்தேன்."

சிசா முன்வரிசையில் இருந்தாள். மடியில் இருந்த கைகளை மட்டும் பார்த்தாள். கசியானோ அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எலியோதோரோவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. கசியானோவுக்கு வாழ்க்கையில் அப்படியொரு சுகம் கிடைத்ததில்லை.

இதற்காக உதைப்பார்கள் என்றுதான் நினைத்தான். ஆனால் மெலித்தோன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தோழர்களே," என்றார் தழுதழுத்த குரலில், "நான் பயந்துட்டேன். இன்னிக்கு பைதிதி போச்சுன்னா நாளைக்கு எல்லாமே போயிருக்கும். மூணு நாளா எனக்குச் சாப்பாடு எறங்கல. நம்மள்ல எத்தனையோ பேரு போகாமலே கண்டுபிடிக்காம இருந்திருக்கோம். ஆனா இந்த மனுஷன் போயே கண்டுபிடிக்காம வந்திருக்காரு. இப்படிப்பட்ட ஒரு தேடல் இந்தச் சங்கத்தோட வரலாற்றுலயே இல்ல."

மண்டபம் எழுந்து நின்று தட்டியது. அங்கேயே, அப்போதே, எலியோதோரோவின் தோளிலிருந்து வெள்ளிப்பட்டையை அவிழ்த்தார்கள். ஊசி கோட்டில் சிக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் வர மறுத்தது. தங்க நூலைப் பிய்த்துவிட்டு, பட்டையைக் கசியானோவுக்குப் போட்டார்கள். கூடவே ஒரு தீர்மானமும் வந்தது. பைதிதி ரூட் இனி கசியானோ சுக்கிமியாவுக்கு. ஆண்டுவிழாவில் முதல் வரிசை நடு இடமும் அவனுக்கே. காலியான ஒன்பதாம் ரூட், அதாவது 'இதர', எலியோதோரோ வில்காவுக்கு.

இறங்கும்போது எலியோதோரோ அவன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"இருவது வருஷமாக் கண்டுபிடிக்காம இருந்தவன்யா நான். நீ ஒரே தடவ கண்டுபிடிக்கல, ஒனக்குப் பட்டையா?"

"பொதுக்குழு முடிவு, கொம்பாத்ரே."

"இருக்கா, இல்லையா? எங்கிட்ட சொல்லு."

"இல்ல."

எலியோதோரோ அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஒன்ன எனக்குத் தெரியும். எனக்குக் கெடைக்கக் கூடாதுன்னு நீ ஒண்ண ஒளிக்கிறன்னா, அது நல்ல சாமானாத்தான் இருக்கணும். ஒன் எடத்துல நான் இருந்தாலும் இதத்தான் பண்ணியிருப்பேன்."

சிசா வாசலில் மூட்டைகளோடு காத்திருந்தாள்.

"நான் எப்படி வீட்டுக்குப் போறது?" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் கசியானோவைச் சுட்டது.

"நான் கொண்டுபோய் விடறேன். சத்தியமா. வாங்க," என்று அவளைக் கூட்டிக்கொண்டு நேராகக் கூண்டுக்குப் போனான்.

தோனியா குமெர்சிந்தா தலையை ஆட்டினாள். "நீங்க இப்போ மூணாம் ரூட்டு சொந்தக்காரர். ஒங்க வண்டி ஸ்டாண்டுல தேடும் நெலையில இருக்கணும். சனிக்கெழமை இஞ்சின் ஓடணும். அவ்வளவுதான். வெளிய எடுக்கறதுக்கு கார்டு கெடையாது."

"ஒரே ஒரு டிரிப்பு."

"எங்க?"

கசியானோவால் அந்தப் பெயரைச் சொல்ல முடியவில்லை. பின்னால் சங்கத்தார் அவன் பட்டையைத் தொட்டுப் பார்ப்பதற்கு வரிசையில் நின்றார்கள்.

"இல்லன்னு ஊரறிய சத்தியம் பண்ணின எடத்துக்கு கார்டு எப்படித் தர முடியும், தோன் கசியானோ?" என்றாள் அவள். முதல்முறையாகத் தோன் போட்டுக் கூப்பிட்டாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

"ஆட்டம் முடியட்டும்," என்றான் சிசாவிடம். "ஏதாவது வழி பண்ணுவோம்."

"மழை ஆட்டத்துக்காக நிக்காதுங்களே," என்றாள் அவள். ஒரு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். எந்தப் பக்கம் போனாள் என்று அவன் பார்க்கவில்லை. படம் எடுப்பதற்கு அவனை அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆண்டுவிழா இருபத்தெட்டாம் தேதி காலையில் ஆரம்பித்தது. கசியானோ முதல் வரிசையின் நடுவில் நின்றான். தலையில் துருத்திய கண்ணும் நீட்டிய நாக்குமாகக் கனத்த முகமூடி, உடம்பில் தகரமும் முத்தும் தைத்த உடை, குறுக்கே வெள்ளிப்பட்டை, கையில் கடகடக்கும் கிலுகிலுப்பை. நடைபாதையில் பசிலியா புதுச் சால்வையோடு உட்கார்ந்திருந்தாள். எலியோதோரோவின் மனைவி எங்கே என்று கூட்டத்தில் தேடித் தேடிப் பார்த்தாள். அவள் வரவில்லை. யாரும் பார்க்காவிட்டால் சால்வைக்கு என்ன மதிப்பு என்று பசிலியாவுக்கு எரிச்சலாக வந்தது.

இசைக்குழு ஊதியது. வரிசை அசைந்தது. வலம் இரண்டு எட்டு, இடம் இரண்டு எட்டு. கசியானோ நெஞ்சை நிமிர்த்தினான். இதற்காகத்தானே இவ்வளவும். கடைசி வரிசையில் எலியோதோரோ எப்படி ஆடுகிறார் என்று பார்க்க ஆசைப்பட்டான். முகமூடியோடு கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

திருப்ப வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. எதிரே, ஸ்டாண்டின் பக்கத்திலிருந்து, ஒரு பெரிய உறுமல் கேட்டது. அன்று சனிக்கிழமை இல்லை. புழுதி எழுந்தது. அதிலிருந்து, இருபது வருஷமாகத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த ஒரு விண்வண்டி, நகர்வதற்கே கூச்சப்படுவது போல மெல்ல மேலே வந்தது. கூரையில் மூட்டைகள் கட்டியிருந்தன. ஜன்னல் ஓரத்தில் சிசா உட்கார்ந்திருந்தாள். அவள் கையை முன்னால் நீட்டி ஓட்டுநருக்கு வழி காட்டிக்கொண்டிருந்தாள்.

இசைக்குழு ஊதுவதை நிறுத்தவில்லை. ஆனால் ஆடுகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்துவிட்டார்கள்.

"யாரு அது?" என்றார் பக்கத்தில் ஆடிய தோன் மெலித்தோன், முகமூடியைத் தூக்கிக்கொண்டு. "எலியோதோரோவா? அவரு வண்டி ஓடுமா?"

"கார்டு வாங்கிட்டுத்தான் போறாரு," என்றாள் ஓரமாக நின்ற குமெர்சிந்தா. "'இதர'ன்னு போட்டேன்."

வண்டி உயர்ந்தது. கசியானோவுக்கு அந்த வழி ஒவ்வொரு திருப்பமாகத் தெரியும். அந்த ஊரில் இறங்கியதும் எல்லோரும் ஓடிவருவார்கள் என்று தெரியும். கிழங்கு மூட்டையைப் பார்த்துப் பெண்கள் அழுவார்கள். மழைக்கு முன்னால் நட்டுவிடுவார்கள். சங்க விதிப்படி எலியோதோரோ அங்கே எதைக் கண்டாலும் அது மூன்றாம் ரூட்டின் சொந்தக்காரரான கசியானோ பெயரில்தான் ஏறும். அதை நினைத்துப் பார்த்தான். ஒரு சொட்டுக்கூட இனிக்கவில்லை. அது நான் கண்ட உலகம், முதலில் போனவன் நான், அந்தப் பெண் என் வண்டியில் வந்தவள் என்று சதுக்கம் அதிரக் கத்த வேண்டும் போலிருந்தது. பட்டை நெஞ்சை அழுத்தியது. முகமூடிக்குள் வேர்வையும் கண்ணீரும் ஒன்றாக ஓடின.

வண்டி மலைக்கு மேலே போய், ஒரு பக்கமாகத் திரும்பியது.

"அது உங்க ரூட்டுப் பக்கமால்ல திரும்புது?" என்று மெலித்தோன் கவலையோடு கேட்டார். "அங்க என்ன இருக்குன்னு போறாரு?"

வரிசை முழுக்க அவனையே பார்த்தது.

"ஒண்ணும் இல்ல, தோன் மெலித்தோன்," என்றான் கசியானோ. "ஆடுங்க."